சீசாவில் மதுரை மல்லி: எதை வாங்கலாம்?

அக்கா மகள் மேற்படிப்புக்கு ஜெர்மனி கிளம்பினாள். ஊறுகாய், பருப்புப் பொடி, குக்கர் எல்லாம் அக்காவின் பொறுப்பு. எனக்கு வந்தது ஒரே ஒரு வேலை. "சித்தி, மல்லிப்பூ வாசனையில ஏதாச்சும் வாங்கி வைங்க. சென்ட்டோ அத்தரோ எதுன்னாலும் சரி. ஆனா ஊதுபத்தி மாதிரி இருக்கக் கூடாது." இந்தக் கடைசி நிபந்தனைதான் என்னை மூன்று வாரம் அலையவிட்டது.

மதுரையில் இருந்துகொண்டு மல்லி வாசத்துக்கு அலைவதா என்று அக்காவே சிரித்தாள். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் விடிகாலையில் நின்றால் மூட்டை மூட்டையாக மல்லி இறங்குகிறது. 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய பூ. ஆனால் பூவை வாங்குவது ஒன்று, அந்த வாசத்தைச் சீசாவில் வாங்குவது வேறொன்று. முதலாவதில் நம் ஊர் மூக்கை யாரும் ஏமாற்ற முடியாது. இரண்டாவதில் நான் இரண்டு முறை ஏமாந்தேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம், பாதிப் பணம் அங்கேதான் வீணாகிறது. வெளிநாட்டுப் புட்டியில் 'ஜாஸ்மின்' என்று மொட்டையாகப் போட்டிருந்தால் அது பெரும்பாலும் நம்முடைய மல்லி கிடையாது, பிச்சி. ஜாதிமல்லி என்றும் சொல்வோமே, மொட்டின் வெளிப்பக்கம் லேசாக ரோஸ் நிறம் ஓடியிருக்கும், அந்தப் பூ. தாவரவியலில் ஜாஸ்மினம் கிராண்டிஃப்ளோரம். பிரான்சில் கிராஸ் என்ற ஊரைச் சுற்றி வாசனைத் தொழிலுக்காகவே வளர்த்தது இதைத்தான். 1921-இல் வந்த ஷனெல் நம்பர் 5-இல் இருப்பதும் இந்தப் பிச்சியின் வகையறாதான். நம் குண்டுமல்லிக்குப் பெயர் ஜாஸ்மினம் சம்பாக். ஆகவே புட்டியில் 'சம்பாக்' என்ற சொல்லைத் தேடுங்கள். அத்தர் கடையில் இந்திப் பெயர்கள் ஓடும்: 'மோதியா' என்றால் மல்லி, 'சமேலி' என்றால் பிச்சி. 'சம்பா' என்று கேட்டுவிடாதீர்கள், செண்பகம் வந்து சேரும். நான் முதல் முறை ஏமாந்தது அப்படித்தான். செண்பகமும் நல்ல வாசம்தான், அது இன்னும் என் பீரோவில் இருக்கிறது.

மல்லிக்கும் பிச்சிக்கும் வாசத்தில் என்ன வித்தியாசம் என்று மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் காரணம் சுவாரசியமானது. இரண்டிலும் பென்சைல் அசிட்டேட், லினலூல், இண்டோல் எல்லாம் உண்டு. பிச்சியில் சிஸ்-ஜாஸ்மோன் என்ற பொருள் சேர்ந்து, கொஞ்சம் பழச் சாயலோடு தேன்போல் இழைகிறது. மல்லியில் அது மிகக் குறைவு. அதற்குப் பதில் மெத்தில் ஆந்த்ரனிலேட்டும் இண்டோலும் தூக்கலாக நிற்கின்றன. முதலாவது, திராட்சை மிட்டாய் வாசம் உள்ள பொருள். இரண்டாவதைத் தனியாக மோந்தால் அந்துருண்டை போட்ட டிரங்குப் பெட்டியைத் திறந்த மாதிரி இருக்கும். அந்துருண்டையும் திராட்சை மிட்டாயும் சேர்ந்து எப்படி மல்லியாகிறது என்று கேட்காதீர்கள். உப்பும் புளியும் சேர்ந்து ரசமாகிற மாதிரிதான். ராத்திரி ஒன்பது மணிக்கு மல்லி கொஞ்சம் தலைசுற்றலாக, கனமாக மணக்கிறதே, அந்தக் கனத்தில் இண்டோலுக்குப் பெரிய பங்கு உண்டு.

சரி, ஒப்பீட்டுக்கு வருவோம். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் உதிரி மல்லி நூறு கிராம் வாங்கி வந்து அடுப்படி மேடையில் ஒரு தட்டில் கொட்டினேன். பக்கத்தில் டிராயிங் தாளைப் பட்டை பட்டையாக வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு சரக்கைத் தொட்டு, பென்சிலால் பெயர் எழுதி வரிசையாக வைத்தேன். ரோல்-ஆன் ஒன்று, மோதியா அத்தர் ஒன்று, மல்லி அப்சல்யூட் என்று விற்கும் சாறு ஒன்று, வெளிநாட்டு பெர்ஃப்யூம் சாம்பிள் இரண்டு. ஆறு மணி, ஒன்பது மணி, மறுநாள் காலை என மூன்று முறை மோந்து பார்ப்பதாகத் திட்டம். "பரீட்சையா?" என்று வீட்டுக்காரர் கேட்டார். அன்றைக்கு இரவு வெறும் தயிர்சாதம்தான், சமையல் வாசம் கலந்துவிடக் கூடாது என்று.

ஆறு மணிக்குத் தட்டில் இருந்த மொட்டுகள் இன்னும் இறுக்கமாகவே இருந்தன. வாசம் மெல்லியது, பச்சை, உரித்த பட்டாணி மாதிரி. அந்த நேரத்தில் மேடையிலேயே சத்தமாக மணந்தது நாற்பது ரூபாய் ரோல்-ஆன். கடையில் நின்று ஐந்து நிமிடத்தில் முடிவெடுத்தால் எல்லோரும் அதைத்தான் எடுப்போம். ஏழரைக்கு மொட்டுகள் வாய் திறக்க ஆரம்பித்தன. ஒன்பதுக்கு வீடு முழுக்க மல்லி. ரோல்-ஆன் பட்டையில் அப்போது மிச்சமிருந்தது வெறும் தித்திப்பு. ரோல்-ஆனைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. பென்சைல் அசிட்டேட்டைச் செயற்கையாகச் செய்வது மலிவு, அது மட்டும் தனியாக நின்றால் வாழைப்பழ எசன்ஸ் மாதிரி அடிக்கும். ஊதுபத்தி வாசம் என்று பாப்பா வெறுப்பதும் ஏறக்குறைய அதுதான். முதல் கழிவு.

பெர்ஃப்யூம்களைக் கழிப்பது அவ்வளவு சுலபமாக இல்லை. வெளிநாட்டு பெர்ஃப்யூமில் ஜாஸ்மின் என்பது ஒரு 'நோட்', கச்சேரியில் ஒரு ஸ்வரம் மாதிரி. ராகம் வேறொன்றாக இருக்கும். அந்த ஸ்வரத்தைக்கூடப் பல நேரம் பூவிலிருந்து எடுப்பதில்லை. ஹெடியோன் என்று ஒரு செயற்கைப் பொருள் இருக்கிறது. மல்லிகை வாசத்தை ஆராய்ந்த வழியில் ஃபிர்மெனிச் நிறுவனம் கண்டுபிடித்தது. 1966-இல் வந்த டியோரின் ஓ சோவாஜில்தான், அதுவும் ஆண்களுக்கான சென்ட்டில், முதலில் அதைத் தாராளமாகப் போட்டுக் காட்டினார்கள். மல்லிகையை வெளிச்சத்தில் பிடித்து நீர்த்த மாதிரி, கனமே இல்லாத ஒரு வாசம். அதன் பிறகு வந்த பெர்ஃப்யூம்களில் அது கலக்காததைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இன்னொரு பக்கம், 1930-இல் வந்த ஜான் பத்தூவின் 'ஜாய்'. ஓர் அவுன்சுக்கு 10,600 மல்லிகைப் பூவும் 28 டஜன் ரோஜாவும் என்று சொல்லியே விற்றார்கள். படிக்கும்போது மலைப்பாக இருக்கும். பிச்சிக் கணக்கில் போட்டால் அந்தப் பத்தாயிரம் பூ ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கூட வரும். நம் மார்க்கெட்டில் ஒரு பை.

நான் வாங்கிய சாம்பிள் இரண்டும் மல்லிகைப் பேச்சுள்ளவை. முக்லேரின் ஏலியன், 2005-இல் வந்தது. மல்லி நிச்சயம் இருக்கிறது, ஆனால் பட்டுப்புடவை உடுத்தி, மின்சார விளக்குக்கு அடியில் நிற்கிற மல்லி. மரமும் அம்பரும் சேர்ந்து காலையில்கூடப் பட்டையை விட்டுப் போகவில்லை. நீடித்து நிற்பதில் முதல் பரிசு இதற்குத்தான். அடுத்தது குச்சி ப்ளூம், 2017. மல்லிகை, சம்பங்கி, அப்புறம் இரங்கூன் மல்லி. ஆமாம், நம் வீட்டு காம்பவுண்டுச் சுவரில் படர்ந்து, வெள்ளையாகப் பூத்து, ரோஸாகி, சிவப்பாக உதிரும் அதே கொடி. அதைப் பெரிய அதிசயமாக விளம்பரத்தில் சொல்லியிருந்தார்கள். வாசம் சுத்தமானது, ஆபீசுக்குப் போட்டுக்கொண்டு போகலாம், பக்கத்து இருக்கைக்காரர் முகம் சுளிக்க மாட்டார். ஆனால் கண்ணை மூடி மோந்தால் மதுரை தெரியவில்லை. துவைத்துக் காய்ந்த வெள்ளைத் துணியும் பூக்கூடையும்தான் தெரிந்தன. பாப்பாவுக்குத் தேவை தினசரிக்கு ஒரு நல்ல சென்ட் என்றால் இதைத்தான் சொல்லியிருப்பேன். அவள் கேட்டது அது இல்லையே.

அத்தருக்காகப் பள்ளிவாசலை ஒட்டிய ஒரு கடைக்குப் போனேன். கடைக்கார பாய் வயதானவர். கேட்டதும் மூன்று சீசாவை எடுத்து வைத்தார். "தங்கச்சி, இது மூணும் மோதியாதான். விலையைக் கேட்காம மோந்து பாருங்க." மோந்தேன். மூன்றாவதில் மல்லி முன்னால் வரவில்லை, சந்தனம் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து அதற்குள்ளிருந்து மல்லி எட்டிப் பார்த்தது. அதுதான் விலை கூடியது.

உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜில் அத்தர் இறக்கும் முறையே இந்த வாசத்துக்குக் காரணம். 'தேக்' என்ற செம்பு அண்டாவில் பூவும் தண்ணீரும் போட்டுக் களிமண்ணால் வாயைப் பூசி, சிறு நெருப்பில் காய்ச்சுவார்கள். ஆவி ஒரு மூங்கில் குழாய் வழியாக 'பப்கா' என்ற பாத்திரத்துக்குள் இறங்கும். அங்கே சந்தன எண்ணெய் காத்திருக்கும். வருகிற வாசத்தைச் சந்தனம் பிடித்து வைத்துக்கொள்ளும். ரோஜா, தாழம்பூ, வெட்டிவேர் எல்லாம் இந்த முறைக்குப் பிரமாதமாக ஒத்துழைக்கும். மல்லி சூடு தாங்காத பூ. வெந்நீரில் அதன் மேல்வாசம், அந்தப் பச்சை, பாதி கரைந்துபோகிறது. மிஞ்சுவது மல்லியின் நினைவு போட்ட சந்தனம். எனக்கு அது ரொம்பப் பிடித்தது, அதை மறைக்கவில்லை. கோயிலில் சந்தனம் வாங்கி நெற்றியில் வைத்துத் திரும்பும்போது, முன்னால் போகிறவரின் தலைப்பூ மணக்கிற மாதிரி. ஆனால் உண்மையான சந்தன எண்ணெய் விலைக்கு, அசல் மோதியா எல்லாக் கடையிலும் கிடைக்கும் சரக்கு இல்லை. பாய் காட்டிய முதல் இரண்டும் பாரஃபின் எண்ணெயில் செயற்கை மல்லியைக் கலந்தவை, அவரே சொன்னார். சொல்லாத கடைகளும் இருக்கின்றன.

இனி அப்சல்யூட். மூன்று வாரத்தில் இரண்டு வாரம் இதில்தான் போனது, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

மல்லி பறித்த பிறகும் உயிரோடு இருக்கிற பூ. விடிகாலையில் மொட்டாகப் பறிக்கிறார்கள், சாயங்காலம்தான் மலர்கிறது, மலரும்போதுதான் வாசத்தை உண்டாக்குகிறது. அந்தக் காலத்தில் கிராஸ் ஊரில் கண்ணாடித் தட்டில் கொழுப்பைப் பூசி, அதன்மேல் மல்லிகையை அடுக்கி வைப்பார்கள். பூ விடும் வாசத்தைக் கொழுப்பு குடித்துக்கொள்ளும். வாடியதை எடுத்துவிட்டுப் புதுப்பூ. பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்று நாம் சொன்னதை அவர்கள் தொழிலாகவே செய்தார்கள். இப்போது அந்தப் பாடு இல்லை. சாற்றுத் தொழிற்சாலைகள் மொட்டை வாங்கி, ராத்திரி அது விரியும்வரை காத்திருந்து, ஹெக்சேன் என்ற கரைப்பானில் ஊறவைக்கின்றன. கரைப்பானை ஆவியாக்கி எடுத்தால் மெழுகு மாதிரி ஒன்று மிஞ்சும். அதற்குப் பெயர் 'காங்கிரீட்'. சிமென்ட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதை ஆல்கஹாலில் கழுவி மெழுகை நீக்கினால் கிடைக்கிற ஆரஞ்சுப் பழுப்புத் திரவம்தான் அப்சல்யூட்.

முகூர்த்தம் இல்லாத கோடை நாட்களில் மார்க்கெட்டில் பூ குவிந்து விலை விழும்போது, மிச்சத்தை வாங்குவது இந்தத் தொழிற்சாலைகள்தான். மார்கழி, தையில் கிலோ ஆயிரக்கணக்கில் போகும்போது அவர்கள் இந்தப் பக்கமே வர மாட்டார்கள். ஆகவே சீசாவில் இருக்கும் மல்லி, பெரும்பாலும் கல்யாணத்துக்குப் போகாத மல்லி.

போலியைக் கண்டுபிடிக்க மூக்கு வேண்டாம், கணக்குப் போதும். குண்டுமல்லியில் காங்கிரீட் கிடைப்பது சுமார் 0.14-லிருந்து 0.19 விழுக்காடு. ஒரு டன் பூவுக்கு ஒன்றரைக் கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் பாதிதான் அப்சல்யூட். அதாவது ஒரு கிராமுக்கு ஒரு கிலோவுக்கு மேல் பூ வேண்டும். பூ கிலோ 300 ரூபாய்க்கு விழுந்த நாளில் வாங்கியிருந்தாலும், ஒரு மில்லிக்குப் பூவின் செலவே 300, 400 ஆகிவிடும். இந்தக் கணக்கு தெரியாமல் நான் ஆன்லைனில் ஒரு கடையில் 'நூறு சதம் சுத்தமான மதுரை மல்லி எண்ணெய்' என்று 10 மில்லி 199 ரூபாய்க்கு வாங்கினேன். தாளில் தொட்டால் கறையே இல்லை, தண்ணீர் மாதிரி நிறம், வாழைப்பழ எசன்ஸ். ரோல்-ஆனின் பெரியப்பா மகன். இது என் இரண்டாவது ஏமாற்றம். பிறகு 2 மில்லி, விவரச் சீட்டோடு விற்கும் இடத்தில், அந்தக் கணக்குக்குப் பொருந்துகிற விலையில் வாங்கினேன்.

திறந்து மோந்ததும் பயந்துவிட்டேன். மல்லியே இல்லை! தேயிலைத் தூள், தோல் பை, பழைய பெட்டி. தாள் பட்டையில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கறை. ஏமாந்துவிட்டோம் என்று எடுத்து வைத்துவிட்டேன். ஒன்பது மணிக்குத் தட்டில் பூ முழுக்க விரிந்த பிறகு பட்டையை மறுபடி எடுத்தேன், மூக்கில் ஒட்டாமல் ஒரு முழம் தள்ளிப் பிடித்து. அப்போது எது தட்டு, எது தாள் என்று எனக்குத் தெரியவில்லை. மறுநாள் காலை தட்டில் பூ பழுப்பேறி வாடல் நாற்றம் தொடங்கியிருந்தது. தாளில் மட்டும் இன்னும் முந்தின ராத்திரி.

அந்த ஒரு முழத்தில்தான் விஷயம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் உறைத்தது. நாம் மல்லியை எப்போதாவது மூக்கோடு ஒட்டி மோந்து பார்க்கிறோமா? பின்னலில் வைக்கிறோம். வாசம் பின்னால் இருந்து, தோளைத் தாண்டி, தலையைத் திருப்பும்போது வருகிறது. வைத்தவர்களுக்குப் பத்து நிமிடத்தில் மறந்தே போகிறது, பஸ்ஸில் பின்னால் நிற்பவருக்குத்தான் தெரியும். மணிக்கட்டில் தேய்த்து மூக்கில் வைத்துப் பார்க்கும் பெர்ஃப்யூம் பழக்கம் மல்லிக்கு ஆகாது. இதனால்தான் மேலே சொன்ன எந்தச் சரக்கையும் ஒருவருக்குக் கொடுக்கும்போது, எங்கே தடவ வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிடரியில், பின்னல் நுனியில், இல்லை துப்பட்டாவின் பின் ஓரத்தில்.

முடிவு அப்சல்யூட்தான், ஆனால் அப்படியே கொடுக்கக் கூடாது. அது அடர்த்தியான பொருள், நேராகத் தோலில் பட்டால் சிலருக்கு அரிக்கும். 10 மில்லி பெர்ஃப்யூமர்ஸ் ஆல்கஹாலில் 6 துளி விட்டேன். சுமார் 3 விழுக்காடு. கெட்டியாக இருந்தால் சீசாவை வெதுவெதுப்பான தண்ணீரில் சற்று நேரம் வைத்தால் இளகும். தேங்காய் எண்ணெய் மாதிரியான எண்ணெயில் கலக்கலாம்தான், ஆனால் அடியில் வண்டல் தங்குகிறது. ஆல்கஹாலில் சுத்தமாகக் கரைகிறது, அதில் கழுவி எடுத்ததுதானே. கலந்த அன்றைக்கே போடாமல் இரண்டு வாரம் இருட்டில் வைத்தேன், முனைப்பு மழுங்கியது. அப்புறம் முழங்கை மடிப்பில் ஒரு சொட்டு போட்டு ஒரு நாள் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன்.

கழுத்திலும் துணியிலும் போட்டால் மூன்று மணி நேரம் நிற்கிறது, ஏலியனுக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. நின்றுகொண்டே இருக்கும் வாசம் வேண்டும் என்பவர்கள் அப்சல்யூட் வாங்க வேண்டாம். பண்டிகை, விசேஷத்துக்கு மட்டும் என்றால், நம்பிக்கையான கடையின் மோதியா அத்தர் ஒரு துளி இன்னும் கம்பீரமாக இருக்கும். எனக்கென்று வாங்கினால் அதைத்தான் வாங்குவேன். வீட்டு ஞாபகம் வரும்போது திறந்து பார்க்க என்றால் அப்சல்யூட். இன்னொன்றும் உண்டு: ஜெர்மனியின் குளிரில் எந்த வாசமும் சோம்பலாகத்தான் எழும்பும். கழுத்தைச் சுற்றும் கம்பளி மஃப்ளரின் உள்பக்கம் தடவினால் உடம்புச் சூட்டில் எழும்பி வரும் என்று சொல்லி அனுப்பினேன்.

கடைசியாக, பட்டியலில் இல்லாத ஒன்றையும் பெட்டியில் வைத்தேன். சீனத்து ஜாஸ்மின் டீ. சீனாக்காரர்கள் தேயிலையை மணக்க வைப்பது சம்பாக்கை வைத்துத்தான். சாயங்கால மொட்டைத் தேயிலையோடு அடுக்கி, ராத்திரி முழுக்க விரியவிட்டு, காலையில் பூவைப் பிரித்தெடுத்து, மறுபடி புதுப்பூ போட்டு, இப்படிப் பல ராத்திரி. பெட்டியில் இருப்பது தீர்ந்தாலும் அங்கே ஆசியக் கடைகளில் சில யூரோவுக்குக் கிடைக்கும். வெந்நீரை ஊற்றி ஆவியைப் பிடித்தால் போதும், குடிக்கக்கூட வேண்டாம். எல்லாச் சரக்கிலும் மலிவானது இதுதான், வாசத்தில் இரண்டாம் இடம் கொடுப்பேன்.

போன மாதம் பாப்பா கூப்பிட்டாள். கூடத் தங்கியிருக்கும் பிலிப்பைன்ஸ் பெண் இவள் மஃப்ளரை மோந்துவிட்டு "சம்பகீட்டா?" என்று கேட்டாளாம். அவர்கள் நாட்டின் தேசிய மலர், நம் மல்லியேதான். அதைச் சொல்லிவிட்டு, "சித்தி, சீசால கலர் மாறிப் போச்சு, முன்னாடி லேசா மஞ்சளா இருந்துச்சு, இப்ப செம்பு கலர்ல இருக்கு. கெட்டுப் போச்சா?" என்றாள். கெடவில்லை. இண்டோல் வெளிச்சமும் காற்றும் பட்டால் இப்படிச் சிவந்து கருக்கும். ஜன்னல் ஓரத்திலிருந்து எடுத்து அலமாரிக்குள் வைக்கச் சொன்னேன். வெள்ளைத் துணியில் மட்டும் தடவ வேண்டாம், கறை போகாது.